ராஜினாமா கடிதம் எழுதும் முன்

பினாங்கில் பட்டம் வாங்கிய நம் பெண்களில் ஒரே கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறுகிறவர்கள் மிகக் குறைவு. ஒருத்தி நிபோங் திபாலில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் படித்து முடிப்பாள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நாலு வருடம் வேலை செய்வாள். கல்யாணமாகிக் கோலாலம்பூர் போவாள். முதல் பிள்ளை பிறந்ததும் வேலையை விடுவாள். பிறகு பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்து டியூஷன் எடுப்பாள், ஒரு வருடம் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருப்பாள், நாற்பது நெருங்கும்போது மறுபடியும் அலுவலகம் தேடுவாள். உறவினர் வீட்டு விசேஷங்களில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவ்வளவு படிச்சும் வீணாப் போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வீணாகப் போகவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெண்பிள்ளைகளே அதிகம் படிக்கும் இந்த மலேசியாவில், வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 56 சதவீதம் பேர்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் அது 80 சதவீதத்துக்கும் மேல். விட்டுவிட்டுத் திரும்ப முடியாமல் நிற்கும் பெண்களின் தொகை அவ்வளவு பெரியது. அவர்களோடு உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டினால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஐந்து வருட இடைவெளியை முதலாளிகள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் காலாவதியான உரிமம், மேலதிகாரி கையெழுத்து போடாத அனுபவப் பதிவு, மனு கொடுக்கத் தவறவிட்ட 60 நாள் கெடு, கம்பெனி மின்னஞ்சலோடு போய்விட்ட சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. வேலையில் எப்படிச் சேர்வது என்று நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எப்படி விடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில், பட்டம் வாங்கிய உடனே வரும் காலம். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனைப் படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துக் கட்டத் தொடங்க வேண்டும். வேலை கிடைக்கவில்லை என்றால் ஒத்திவைப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்காமல் சும்மா இருப்பதுதான் தவறு. நிலுவை சிசிஆர்ஐஎஸ் எனும் கடன் வரலாற்று அறிக்கையில் ஏறிவிட்டால், பத்து வருடம் கழித்துக் கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வேலையை விடும்போதும் இதே கதைதான். சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிந்துகொண்டிருந்த தவணை, சம்பளம் நின்ற மாதமே நின்றுபோகும். அது நின்றதையே பலர் கவனிப்பதில்லை.

அதைவிட முக்கியமானது, தொழில் தகுதிக்கு உரிய "மேற்பார்வைக் காலம்". சட்டம் படித்தவர்களுக்கு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாத சேம்பரிங் பயிற்சி, மருத்துவர்களுக்கு மருத்துவமனையில் இரண்டு வருட ஹவுஸ்மன்ஷிப் பயிற்சி, ஏசிசிஏ கணக்காளர் தேர்வு எழுதுபவர்களுக்கு 36 மாத வேலை அனுபவம், பொறியியல் பட்டதாரிகளுக்கு முதலில் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவு, அதன் பிறகு அனுபவ வருடங்கள். கல்யாணம், இடமாற்றம், பிள்ளை எல்லாம் எப்போது வந்தாலும் சரி, முடிந்தவரை இந்தக் காலத்தை முதலில் முடித்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், மேற்பார்வைக் காலம் கணக்கில் சேரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாதியில் நின்ற சேம்பரிங்கை 35 வயதில் இரண்டு பிள்ளைகளோடு மறுபடி தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நிலையில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

ஏசிசிஏவின் 36 மாதமும் ஒரே கம்பெனியில் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை. இடையில் நின்றாலும் சேர்ந்த மாதங்கள் கணக்கில் இருக்கும். ஆனால் அந்தந்த இடத்து மேலதிகாரி உங்கள் பதிவைப் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும். "மொத்தமா கடைசியில வாங்கிக்கலாம்" என்று விட்டவர்களுக்கு, கடைசியில் அந்த மேலதிகாரி சிங்கப்பூருக்குப் போயிருப்பார், அல்லது அந்தப் பிரிவே மூடப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்கும் பழக்கத்தை முதல் வேலையிலேயே தொடங்குங்கள். பொறியியல் துறையிலும் இப்படித்தான். என்ன திட்டம், எந்தப் பொறுப்பு, யார் மேற்பார்வை என்று அரைப்பக்கம் எழுதித் தேதி போட்டு வைத்தால் போதும்.

கர்ப்பமாக இருக்கும்போது

வேலைச் சட்டம் 1955இன் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான் 98. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பாக அதைத் தொடங்க முடியாது.

விடுப்பில் சம்பளம் கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய நான்கு மாதத்தில் எப்போதாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அவரிடம் வேலை செய்திருக்க வேண்டும். உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் அதற்கு மேல் இந்தச் சம்பளம் இல்லை. நடைமுறையில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், கர்ப்பமாகி ஏழாவது மாதத்தில் வேலை மாறுபவர்களுக்கு. புது இடத்தில் 90 நாள் நிறையாது, பழைய இடத்தை விட்டாயிற்று. நல்ல சம்பளத்தில் அழைப்பு வந்தால், பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். புது இடத்தில் சேரும் நாளுக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே 90 நாள் இல்லையென்றால், சேரும் தேதியைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிக் கேளுங்கள். பல கம்பெனிகள் ஒப்புக்கொள்கின்றன.

கர்ப்பிணியைக் கர்ப்பத்தின் காரணமாக வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 41ஏ பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறுவது, ஒழுங்கீனம், தொழில் மூடப்படுவது ஆகிய காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. இந்தப் பாதுகாப்பை நம் பெண்கள் இழப்பது எப்படி? கையெழுத்துப் போட்டுத்தான். எச்.ஆர். எனும் மனிதவளப் பிரிவின் அறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, "உங்களுக்கே இது கஷ்டமா இருக்கும், நீங்களே லெட்டர் குடுத்துட்டா நல்ல மாதிரி முடிச்சுக்கலாம்" என்று அன்பாகப் பேசுவார்கள். "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று ஒரு கடிதம் தயாராக இருக்கும். அதில் கையெழுத்திட்டால், நீங்களாக விரும்பி விலகியவர் என்றுதான் பதிவாகும். அந்த அறையில் எதிலும் கையெழுத்து போடாதீர்கள். "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். அன்று மாலையே, என்ன பேசினார்கள், யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.

உண்மையிலேயே நீக்கிவிட்டால், அந்த நாளிலிருந்து இரண்டு கெடுக்கள் ஓடத் தொடங்குகின்றன. தொழிலியல் உறவு சட்டம் 1967இன் 20ஆவது பிரிவின்படி வேலையைத் திரும்பக் கேட்டு மனு கொடுக்க 60 நாள். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் வேலை தேடும் அலவன்ஸ் கேட்கவும் 60 நாள். பிள்ளைப்பேறு, பத்தியம், தூக்கமில்லாத இரவுகள் நடுவே இந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்றே தெரியாது. அதனால் விண்ணப்பம் செய்யும் வேலையைக் கணவரிடமோ அக்காவிடமோ முதல் வாரத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

அந்த அலவன்ஸ் எவ்வளவு என்று பலருக்குத் தெரிவதில்லை. முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் என்றால் ஆறு மாதத்தில் ஏறக்குறைய 10,800 ரிங்கிட். எத்தனை மாதம் சந்தா கட்டினீர்கள் என்பதைப் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை கிடைக்கும். முதல்முறை கேட்பவர் கடந்த 24 மாதத்தில் 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆட்குறைப்பு, தானாக முன்வந்து விலகும் இழப்பீட்டுத் திட்டம், பாலியல் தொல்லையால் விலக நேர்ந்தது போன்றவை இதில் அடங்கும். சும்மா ராஜினாமா செய்தவருக்கு இல்லை. அந்த "சொந்தக் காரணம்" கடிதத்தின் விலை இதிலிருந்தே தெரியும்.

விடுவதற்குப் பதில் கேட்டுப் பார்க்கலாம்

அதே 2023 திருத்தத்தில் 60பி (60P), 60கியூ (60Q) என்று இரண்டு பிரிவுகள் வந்தன. வேலை நேரம், வேலை நாள், வேலை செய்யும் இடம் ஆகியவற்றில் நெகிழ்வு வேண்டும் என்று ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் காரணத்தை எழுதியாக வேண்டும் என்பதாலேயே பல மேலாளர்கள் பாதி அளவாவது இறங்கி வருகிறார்கள்.

இதிலும் மூன்று இடத்தில் சறுக்குகிறோம். வாய்மொழியாகக் கேட்பது ஒன்று. அது விண்ணப்பமே ஆகாது. பிரசவ விடுப்பின் கடைசி வாரத்தில் கேட்பது இன்னொன்று. 60 நாள் கெடு இருக்கிறதே, பதில் வருவதற்குள் வேலைக்குத் திரும்பும் நாள் வந்துவிடும், திணறிப் போய் ராஜினாமா எழுதிவிடுவார்கள். விடுப்புக்குப் போகும் முன்போ, விடுப்பின் முதல் மாதத்திலோ கடிதம் போயிருக்க வேண்டும். மூன்றாவது, "கொஞ்சம் ஃபிளெக்சிபலாக இருந்தால் நன்றாயிருக்கும்" என்று பொதுவாக எழுதுவது.

நல்ல கடிதம் எப்படி இருக்கும் என்று ஒன்றைப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்குப் பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாசில் வேலை, பினாங்குப் பாலத்தில் காலை நெரிசல். தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையம், காலை ஏழு மணிக்குத் திறக்கிறது, மாலை ஆறரைக்கு மூடுகிறது. அவர் எழுத வேண்டியது இப்படி: "திங்கள், புதன், வெள்ளி காலை 9.30 முதல் மாலை 6.30 வரை அலுவலகத்தில். அந்த நாட்களில் பிள்ளையைக் கணவர் அழைத்து வருவார். செவ்வாய், வியாழன் காலை 8.00 முதல் மாலை 5.00 வரை வீட்டிலிருந்து. வாராந்திர அறிக்கை, சப்ளையர் அழைப்புகள், தரவுச் சரிபார்ப்பு ஆகிய மூன்றையும் வீட்டு நாட்களில் வைத்துக்கொள்கிறேன். உற்பத்தி வரிசையில் நேரில் இருக்க வேண்டிய ஆய்வுகள் அலுவலக நாட்களில். அவசரம் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவேன். மூன்று மாதம் சோதனையாக நடத்தி, அறிக்கைகள் உரிய நாளில் போகின்றனவா என்று பார்த்து முடிவெடுக்கலாம்." பிள்ளையைப் பற்றி இதில் ஒரு வரிதான் இருக்கிறது. மற்றதெல்லாம் வேலை எப்படி நடக்கும் என்பது. மேலாளர் அதைத் தன் மேலதிகாரியிடம் அப்படியே எடுத்துக் காட்டலாம். உற்பத்தி வரிசையிலேயே 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு வீட்டிலிருந்து வேலை நடக்காது. அவர் பகல் ஷிப்டுக்கு மட்டும் மாற்றமோ, திட்டமிடல் அல்லது ஆவணப் பிரிவுக்கு மாற்றமோ கேட்பது பலன் தரும். பெண்களை இரவு வேலையிலிருந்து தடுத்த பழைய பிரிவு அதே திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டதால், "சட்டப்படி நான் நைட் ஷிப்ட் பார்க்கக்கூடாது" என்று இப்போது வாதாட முடியாது.

அரசாங்க ஊழியர்களுக்கு, குறிப்பாக ஆசிரியைகளுக்கு, வேறு வழி இருக்கிறது. பிள்ளை பராமரிப்புக்காகச் சம்பளமில்லா விடுப்பை மொத்தப் பணிக்காலத்தில் 1,825 நாள் வரை, அதாவது ஐந்து வருடம், எடுக்கலாம். பதவியை விட்டுவிடாமல் வீட்டில் இருக்கலாம் என்பதால், அரசாங்க வேலையிலிருந்து அவசரப்பட்டு விலகுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தாஸ்கா கட்டணமும் சம்பளமும்

"உன் சம்பளத்துல பாதி தாஸ்காவுக்கே போகுது, அப்புறம் எதுக்கு வேலை?" இந்தக் கேள்வியில்தான் பல வேலைகள் முடிகின்றன. கணக்கே தப்பு. முதலாவது, பிள்ளை இருவருக்கும்தான். தாஸ்கா கட்டணத்தை அம்மா சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வீட்டு மொத்த வருமானத்திலிருந்து கழியுங்கள். இரண்டாவது, கைக்கு வரும் சம்பளத்தை மட்டுமே பார்க்கிறோம். 3,500 ரிங்கிட் சம்பளக்காரருக்கு இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் முதலாளி பங்கு 13 சதவீதம், 455 ரிங்கிட். அவர் பங்கு 11 சதவீதம், 385 ரிங்கிட். மாதம் 840, வருடம் 10,080. ஐந்து வருடம் வீட்டில் இருந்தால் 50,400 ரிங்கிட் சேராமல் போகிறது. இதில் லாப ஈவும் சம்பள உயர்வும் சேரவில்லை. தாஸ்கா கட்டணம் மாதம் 700 என்று வைத்துக்கொண்டால் அதே ஐந்து வருடத்துக்கு 42,000. அந்தச் செலவும் பிள்ளை வளர வளரக் குறையும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் வீட்டில் இருக்கத் தீர்மானித்தால் அது முழுக்க மதிக்க வேண்டிய முடிவு. பாதிக் கணக்கில் முடிவெடுப்பதுதான் வேதனையாக இருக்கிறது.

தாஸ்காவைத் தேடும்போது சமூக நல இலாகாவின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் வீட்டில் நடத்தினாலும் பதிவு வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர் என்பது விதி. போய்ப் பார்க்கும்போது மதியம் போங்கள். காலையில் எல்லாரும் இருப்பார்கள், ஆள் குறைவது சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான். பதிவு பெற்ற தாஸ்காவின் ரசீது வருமான வரியில் 3,000 ரிங்கிட் வரை கழிவுக்கும் உதவும், பெற்றோரில் ஒருவர் கோரலாம்.

விடும் வாரம்

விடுவது என்று முடிவாகிவிட்டால் முன்னறிவிப்புக் காலத்தைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது செல்லும். அதில் எதுவும் இல்லையென்றால் இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு நான்கு வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குக் குறைவாக ஆறு வாரம், ஐந்துக்கு மேல் எட்டு வாரம். இந்த வாரங்கள் தாள் சேர்க்கும் காலம். வேலை நியமனக் கடிதம், உறுதிப்படுத்திய கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், கடைசி ஆறு மாதச் சம்பள சீட்டு, ஒவ்வொரு வருடத்து இஏ பாரம் (வருமான வரிக்கான சம்பளக் கணக்கு), மதிப்பீட்டு அறிக்கைகள், பயிற்சிச் சான்றிதழ்கள். சேவைச் சான்றிதழை எச்.ஆர். தரும்போது தேதியும் பதவிப் பெயரும் சரியா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். "எக்சிகியூட்டிவ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "அசிஸ்டண்ட்" என்று விழுந்திருந்தால், ஐந்து வருடம் கழித்து மாற்றித் தர அங்கே ஆள் இருக்காது.

பிறகு மின்னஞ்சல். இபிஎஃப் ஐ-அக்காவுன், வருமான வரி மைடேக்ஸ், ஏசிசிஏ, லிங்க்ட்இன், ஆன்லைன் பயிற்சிகள் என்று பலவற்றை வேலை நாட்களில் கம்பெனி மின்னஞ்சலில் பதிந்திருப்போம். கடைசி நாளன்று மாலை அந்த மின்னஞ்சல் மூடப்படும். கடவுச்சொல்லை மாற்றும் குறுஞ்செய்தியும் கம்பெனி கைபேசி எண்ணுக்குப் போகும். ஒவ்வொன்றாக உள்ளே போய்ச் சொந்த மின்னஞ்சலுக்கும் சொந்த எண்ணுக்கும் மாற்றுங்கள். அதே கையோடு இபிஎஃப் வாரிசுப் பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டது அப்படியே இருக்கும்.

கம்பெனி மருத்துவக் காப்புறுதி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். தனிப்பட்ட மருத்துவக் காப்புறுதிகளில் பொதுவாக 30 நாள் காத்திருப்புக் காலமும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாளும் உண்டு. எனவே விலகுவதற்கு நாலு மாதம் முன்பே சொந்தப் பாலிசி தொடங்கியிருந்தால்தான் இடைவெளி விழாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் வந்த பிறகு எடுக்கப் போனால் தவணை கூடும், அல்லது அந்த நோயை விலக்கிவிடுவார்கள்.

இடைவெளிக் காலம்

வருமான வரிக் கோப்பு இருப்பவர், வருமானம் இல்லாவிட்டாலும் வருடாவருடம் இ-பிஇ பாரத்தைப் பூச்சியத்தோடு அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால் பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

உரிமம் தேவைப்படும் தொழில்களில் இருப்பவர்கள் அதை உயிரோடு வைத்திருக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று பார்த்து அதை மட்டும் செய்யுங்கள். கணக்காளர்களுக்கு எம்ஐஏ எனும் கணக்காளர் கழகம் மூன்று வருடத்தில் 120 மணி நேரத் தொடர்கல்வி கேட்கிறது. தாதியர், மருத்துவர், மருந்தாளர் ஆகியோருக்கு ஆண்டுச் சான்றிதழ். புதுப்பிப்பதா, தற்காலிகமாக நிறுத்தி வைப்பதா என்பதை அந்தந்த வாரியத்திடம் எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

சேமிப்பு நிற்கக் கூடாது. சம்பள வேலையில் இல்லாதவர்களுக்கு இபிஎஃப்பில் ஐ-சரான் திட்டம் உண்டு. 60 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். 2025 முதல் நீங்கள் போடுவதில் 20 சதவீதத்தை அரசாங்கம் சேர்க்கிறது, வருடத்துக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட், வாழ்நாளில் 5,000 வரை. அந்த 500ஐ முழுதாக வாங்க வருடம் 2,500 போட வேண்டும், மாதம் 210 ரிங்கிட் போட்டால் சரியாக வரும். கணவர் சம்பளக்காரராக இருந்தால் ஐ-சாயாங் திட்டத்தில் தன் 11 சதவீதப் பங்கிலிருந்து 2 சதவீதத்தை மனைவி கணக்குக்கு மாற்றலாம். கேட்கச் சங்கடப்படாதீர்கள். வீட்டில் நீங்கள் செய்யும் வேலையால்தான் அவர் முழு நேரம் வேலைக்குப் போகிறார்.

இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. வருடம் 120 ரிங்கிட், 55 வயதுக்குக் கீழ் சேர வேண்டும். வீட்டு வேலையின்போது நேரும் விபத்து, உடல் இயலாமை ஆகியவற்றுக்கு சொக்சோ பணம் தரும். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு "அப்படி ஒன்று இருந்ததா" என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இன்றே சேருங்கள்.

டியூஷன், கேக், தையல், பலகாரம் என்று ஏதாவது தொடங்கினால் 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனும் கம்பெனிகள் ஆணையத்தில் பதியுங்கள். சொந்தப் பெயரில் வருடம் 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் 60. உணவு என்றால் உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேண்டும். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வழக்கமாகச் சேர்த்துப் பாடம் நடத்தினால் கல்வி இலாகாவில் பதிய வேண்டிய நிலை வரும். பதிவால் என்ன லாபம்? இடைவெளி என்று எண்ணப்பட்ட வருடங்கள் தொழில் நடத்திய வருடங்களாக மாறுகின்றன. வங்கிக் கணக்கைத் தனியாக வைத்து, வரவு செலவை ஒரு நோட்டில் எழுதினால், பிறகு சிறுகடன் நிறுவனமான அமானா இக்தியாரின் "பெண்" கடனுதவிக்கோ தெக்கூனில் இந்தியர்களுக்கான ஸ்புமி கடன் திட்டத்துக்கோ போகும்போது காட்ட ஏதாவது இருக்கும். தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நியமனக் கடிதத்தில் முடியும் தேதியைப் பாருங்கள். அது நிரந்தரமாகும் என்று எண்ணி வேறு விண்ணப்பங்களை நிறுத்திவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

துறை மாற நினைப்பவர்களுக்கு இது படிக்கும் காலமும்கூட. பினாங்கில் வாவாசான் திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்பவர்களுக்கென்றே அமைந்தது. பாயான் லெப்பாசில் 1989 முதல் இயங்கும் பிஎஸ்டிசி திறன் மேம்பாட்டு மையம், தொழிற்சாலைகள் கேட்கும் திறன்களைக் கற்றுத்தருகிறது. அனுபவத்தைக் கொண்டு படிப்பில் சேர ஏபெல் முறை இருக்கிறது. சமையல், அழகுக்கலை, தையலில் பல வருடக் கைத்திறன் உள்ளவர்கள் வகுப்புக்குப் போகாமலே முன்அனுபவ அங்கீகாரம் வழியாக எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். கட்டணத்துக்கு இபிஎஃப்பின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்க முடியும். வேலை எதற்கு என்று தெரியாமல் முதுகலையில் சேர்வதை மட்டும் தவிருங்கள். முதலில் வேலை விளம்பரங்கள் இருபதைப் படித்து, எந்தச் சான்றிதழ் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது

தன்விவரக் குறிப்பில் இடைவெளியை மறைக்காதீர்கள். வருடங்களை மட்டும் போட்டு மாதங்களை விட்டால் இரண்டாம் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். "2019–2024 இல்லத்தரசி" என்று விடவும் வேண்டாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ நீங்கள் எழுதப்போவதன் சாரம் இப்படி இருக்கட்டும்: "2019–2024: குடும்பப் பொறுப்புக்காக முழுநேர வேலையில் இடைவெளி. 2021 முதல் வாரம் 12 மணி நேரம் இடைநிலைப்பள்ளிக் கணித வகுப்பு, சொந்தப் பதிவில். 2024இல் தரவுப் பகுப்பாய்வுச் சான்றிதழ்." மூன்று வரி போதும். அதற்குக் கீழே பழைய வேலையை எழுதும்போது "தரக் கட்டுப்பாட்டில் பணியாற்றினேன்" என்பது யாருக்கும் எதுவும் சொல்லாது. எத்தனை உற்பத்தி வரிசை, எத்தனை பேர், எந்த மென்பொருள், எவ்வளவு குறைந்தது அல்லது கூடியது என்று எழுதுங்கள். விடும் வாரத்தில் மதிப்பீட்டு அறிக்கைகளை எடுத்து வைத்தவருக்கு இந்த எண்கள் கையில் இருக்கும்.

நேர்முகத் தேர்வில் "இந்த அஞ்சு வருஷம் என்ன செஞ்சீங்க?" என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். "பிள்ளைகள் சிறியவர்களாக இருந்ததால் வீட்டில் இருந்தேன். இப்போது இருவரும் பள்ளியில், பள்ளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார், அதனால் முழுநேரத்துக்குத் தயார்." அங்கிருந்து வேலைக்குப் பேச்சைத் திருப்புங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டவே வேண்டாம்.

இரண்டு வருடமாவது இடைவெளி எடுத்துத் திரும்பும் பெண்களுக்கு 12 மாதச் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. டேலண்ட்கோர்ப் எனும் அரசாங்க நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், 2027 டிசம்பர் 31 வரை வாய்ப்பு இருக்கிறது. உங்களைப் போன்றவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கும் 2025 முதல் அதே தேதி வரை 12 மாதத்துக்குச் சம்பளச் செலவில் கூடுதலாக 50 சதவீத வரிக் கழிவு கிடைக்கும். சிறிய கம்பெனிகளில் பல எச்.ஆர். அதிகாரிகளுக்கே இது தெரியாது. சம்பளம் பேசும் கட்டத்தில் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

சம்பளத்தைப் பழைய சம்பளத்தோடு ஒப்பிட்டுக் கேட்காதீர்கள். அந்தப் பதவிக்கு இன்று என்ன கொடுக்கிறார்கள் என்று விளம்பரங்களிலும் தோழிகளிடமும் விசாரித்து அதைக் கேளுங்கள். ஆறு மாத ஒப்பந்தத்தில் தொடங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம், இபிஎஃப், சொக்சோ கட்டும் வேலை ஒப்பந்தமாக இருந்தால். "ஃப்ரீலான்ஸ் மாதிரி இன்வாய்ஸ் குடுங்க" என்றால் யோசியுங்கள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அவர்கள் சொல்கிற இடத்தில், அவர்கள் சொல்கிற வேலையைச் செய்துவிட்டு முதலாளியின் 13 சதவீதத்தை இழக்கத் தேவையில்லை.

வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் தடுமாற வைப்பது பிள்ளையின் காய்ச்சல்தான். கை, கால், வாய் நோய் வந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாஸ்காவில் சேர்க்க மாட்டார்கள். மாமியார் ஒருவரை மட்டும் நம்பித் திட்டம் போடாமல், இரண்டாவது ஆளையும், கணவர் விடுப்பு எடுக்கும் நாட்களையும் சேரும் முன்பே பேசி வையுங்கள்.

முதல் சம்பளம் வந்த பிறகு ஐ-அக்காவுனைத் திறந்து பாருங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கான பங்கை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பள சீட்டில் கழித்திருந்தும் இரண்டு மாதமாகக் கணக்கில் ஏறவில்லை என்றால், சீட்டுகளை எடுத்துக்கொண்டு இபிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சோதனைக் காலத்தில் இருக்கிறோமே என்று தயங்க வேண்டாம்.